பூந்தமல்லி வழியாக டொலேடோ

1649இல் சாந்தோமில் ஒரு பாதிரியாரைப் பிடித்துக் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். பிடித்தவர்கள் கத்தோலிக்கர்கள், பிடிபட்டவரும் கத்தோலிக்கர்தான். பெயர் எஃப்ராயிம். பிரான்சின் நெவேர் நகரத்தைச் சேர்ந்த கப்புச்சின் துறவி. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே பூசை வைப்பதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுமாக இருந்தார். பக்கத்தில் சாந்தோமிலிருந்த போர்த்துகீசியருக்கு அது பொறுக்கவில்லை. நயமாகப் பேசி வரவழைத்து, கையைக் காலைக் கட்டி, கோவாவின் இன்குவிசிஷன் மன்றத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். சமயக் குற்றங்களை விசாரிப்பதற்கென்றே ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் உருவாக்கி, 1560இல் கோவாவுக்கும் கொண்டுவந்த மன்றம் அது. உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார், வருவாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

எஃப்ராயிம் வெளியே வந்தார். அவரை விடச் சொல்லி எழுந்த குரல்களில், வாளோடு வந்த குரல் கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவுடையது. பாதிரியாரை விடுவிக்கும்வரை சாந்தோமை முற்றுகையிடுமாறு அவர் தன் அமைச்சர் மீர் ஜும்லாவுக்கு உத்தரவிட்டதாக, அந்தக் காலத்தில் இங்கே வந்துபோன பிரெஞ்சு வைர வணிகர் தவர்னியே எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஷியா முஸ்லிம் அரசர், ஒரு கத்தோலிக்கத் துறவியை, கத்தோலிக்கத் திருச்சபையின் சிறையிலிருந்து மீட்கப் படை அனுப்புகிறார். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மீர் ஜும்லாவின் ஆட்கள் ஆண்ட ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஊர் பூந்தமல்லி.

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து ஏறினேன். ஆவடி இன்றைக்கு இந்தியா முழுவதும் கலந்து குடியிருக்கும் ஊர். 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை வந்தது. விஜயந்தா டாங்கிகள் இங்கேதான் உருவாயின. தொழிற்சாலைக்கும் படைப்பிரிவுகளுக்கும் வந்தவர்கள் குவார்ட்டர்ஸ் முடிந்த பிறகும் இங்கேயே மனை வாங்கித் தங்கிவிட்டார்கள். கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் அதே கதை. வேலை தேடி வந்தவன் அடுத்த வீட்டுக்காரனின் சாமி எது என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஷிப்டுக்கு நேரத்தில் போக முடியாது. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, காடுவெட்டியில் கூவத்தைக் கடந்து, கரையான்சாவடி நெரிசலில் சிக்கி ஊர்ந்து, வண்டி பூந்தமல்லி சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

இந்த ஊரை இன்று சென்னையின் வாசலாக மட்டுமே பார்க்கிறோம். ஒரு காலத்தில் இதுதான் சீமை, சென்னை இதற்கு அடங்கிய கடற்கரைக் குப்பம். 1639இல் மதராசப்பட்டினத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த தாமர்ல சகோதரர்களில் வெங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார், ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். சில ஆண்டுகளில் விஜயநகரத்தின் மிச்சமும் சரிய, மீர் ஜும்லா இந்தப் பகுதியைக் கோல்கொண்டாவுக்காகப் பிடித்தார். அதன்பின் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் பூந்தமல்லி அதிகாரியின் முகம் பார்த்தே காரியம் செய்தார்கள். 1672இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1,200 வராகன் கட்டினார்கள். 1680 வாக்கில் கோல்கொண்டாவின் பெயரால் இங்கே அதிகாரம் செலுத்திய லிங்கப்பா என்ற தெலுங்கு இந்து, கோட்டைக்குப் போகும் சரக்கை மறித்துப் போட்டு அவர்களைத் திணறடித்தார். முஸ்லிம் சுல்தான், இந்து அதிகாரி, கட்டுப்பட்டு நிற்கும் கிறிஸ்தவக் கம்பெனி. அன்றைய அரசு அப்படித்தான் ஓடியது.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். ஒரே கோயிலுக்குள் காஞ்சி வரதர், அரங்கநாதர், வேங்கடவர் மூவருக்கும் சந்நிதி உண்டு. தாயார் புஷ்பவல்லி. இந்த ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு போனவர், ஆலவட்டம் வீசியவர். வைசியக் குலத்தில் பிறந்த அவரை, அந்தணரான ராமானுசர் குருவாகக் கொண்டார். வெளியே வந்தால் தெருவெல்லாம் பூ வாசனை.

பூக்கடை ஒன்றின் முன் நின்றேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரலில் நார், வலது கையில் இரண்டிரண்டாக மல்லி மொட்டு. கண் வேறெங்கோ இருக்க, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாழைநாரில் கோத்த ரோஜாப் போர்வை ஒன்று ஈரத்துணி மூடிக் கிடந்தது. ஆணியில் சாமந்தி மாலைகள்.

“இவ்ளோ பெரிய போர்வை யாருக்குக்கா?”

“தர்காவுக்குப்பா. பாய் நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.”

“அந்தச் சாமந்தி?”

“மூணு மாலை மாதாவுக்கு. நவநாளு நடக்குதில்ல. மத்தது பெருமாளுக்கு. மல்லி எல்லாத்துக்கும்தான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு எவ்ளோ முழம் வேணும்? கேள்வி கேட்டுக்கினே நின்னா வேலைக்காவாது” என்றார். இரண்டு முழம் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இந்தப் பூக்கடையை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் எப்போதும் சுமுகமாக இருந்தது என்று எழுதிவிட முடியாது. பூந்தமல்லிப் பள்ளிவாசல் 1653இல் எழுந்தது. கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம், மீர் ஜும்லாவின் ஆள். எஃப்ராயிம் விடுதலையாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒரு பாதிரியாருக்காகப் படை திரட்டிய அதே அதிகாரத்தின் பெயரால் இந்தப் பள்ளிவாசல் எழுந்தது. இடைக்கால இந்தியாவில் எந்தெந்தக் கோயில்கள் இடிபட்டன என்று கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் வைத்து அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் ஈட்டன் ஒரு பட்டியல் தொகுத்திருக்கிறார். அதில் 1653, பூந்தமல்லி, ருஸ்தம் என்ற பதிவும் இருக்கிறது. புதிதாக ஒரு நிலத்தைப் பிடித்தவன் பழைய அரசின் அடையாளத்தை அழிப்பது அந்தக் காலத்தின் அரசியல் என்பது ஈட்டனின் வாதம். காரணம் எதுவானாலும் இழப்பு இழப்புதான். அதை மூடி மறைத்துக்கொண்டு ஒற்றுமை பேசினால் அந்தப் பேச்சுக்கு ஆயுள் இருக்காது. அதே சமயம், அந்தப் பள்ளிவாசலில் முந்நூற்று எழுபது ஆண்டுகளாகத் தொழுதுவரும் மக்கள் அந்த ருஸ்தமின் கணக்குக்குப் பொறுப்பாளிகள் அல்ல என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கடைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார்கள். பூக்காரம்மாவின் வாடிக்கையாளர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள்.

எஃப்ராயிமைச் சிறை வைத்த அந்த இன்குவிசிஷன் உருவான ஸ்பெயினின் கதையும் இப்படித்தான் இரு கரையும் பார்க்க வேண்டிய கதை. முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் மூவரும் அங்கே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். டொலேடோ நகரில் சாமுவேல் ஹலேவி என்ற யூதர், கிறிஸ்தவ அரசர் பெத்ரோவின் கருவூலத் தலைவராக இருந்தார். 1350களில் தன் சமயத்தாருக்கு அவர் ஒரு ஜெபக்கூடம் கட்டினார். சுவரில் சுண்ணாம்புச் சுதையில் செதுக்கிய கொடியும் பூவும் முஸ்லிம் கைவேலைப் பாணி. எபிரேய எழுத்தோடு அரபு எழுத்தும் அந்தச் சுவரில் ஓடுகிறது. மூன்று சமயமும் ஒரு சுவரில் கூடிய இடம் அது. அதைக் கட்டி முடித்த சில ஆண்டுகளில் ஹலேவியை அதே அரசர் கைது செய்ய, சித்திரவதையில் அவர் உயிர் போனது. அரசன் கொடுத்த இடத்தை அரசனே பறித்துக்கொண்டான்.

பிறகு மொத்த நாடும் அதே திசையில் சாய்ந்தது. 1391இல் யூதர் குடியிருப்புகளில் கொலையும் கட்டாய ஞானஸ்நானமும். 1449இல் டொலேடோவில், மதம் மாறிய யூதர்களின் வழிவந்தவர்கள் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று இரத்தத் தூய்மைச் சட்டம். மாறு என்று சொன்னவர்களே, மாறியவனையும் ஏற்கவில்லை. நம் ஊரில் சாதி பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. 1492 ஜனவரியில் முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது, மார்ச்சில் யூதர்களை வெளியேற்றும் ஆணை வந்தது. போர்த்துகலுக்கு ஓடியவர்களை அங்கே 1497இல் கூட்டமாகப் பிடித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கிரனாடா முஸ்லிம்களுக்கு அவர்கள் சமயத்தைக் காப்போம் என்று எழுதிக் கொடுத்த உடன்படிக்கை பத்தே ஆண்டில் காற்றில் போனது. கட்டாய ஞானஸ்நானம் பெற்று மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அந்த முஸ்லிம்களுக்கு 1567இல் அரபு மொழி பேசவும் தடை. 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் பேரைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள்.

இந்த நெருக்கடியின் விளிம்பில்தான் செர்வாண்டிஸ் 1605இல் ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகத்தை வெளியிட்டார். அதில் கதைசொல்லி டொலேடோ கடைத்தெருவில் நிற்கும்போது, ஒரு பையன் பழைய நோட்டுகளைப் பட்டு வியாபாரியிடம் விற்க வருகிறான். எழுத்து அரபு. படித்துச் சொல்ல ஒரு மொரிஸ்கோவைத் தேடினால், கடைத்தெருவிலேயே ஆள் கிடைக்கிறான். அதைவிடப் பழைய மொழிக்கும் ஆள் கிடைத்திருக்கும் என்று கதைசொல்லி சொல்வது எபிரேயத்தைத்தான். ஸ்பானிய மொழியின் தலைசிறந்த நாவல், ஒரு முஸ்லிம் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு என்ற பாவனையில் எழுதப்பட்டது. வெளிவந்து நான்கே ஆண்டுகளில் அந்த மொழிபெயர்ப்பாளனின் இனத்தையே நாடு கடத்தத் தொடங்கிவிட்டார்கள். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாடுகடத்தப்பட்டு மாறுவேடத்தில் திரும்பி வரும் ரிகோத்தே என்ற மொரிஸ்கோவைத் தன் பழைய பக்கத்து வீட்டுக்காரன் சாஞ்சோவோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார் செர்வாண்டிஸ். அந்த நாளில் அதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

துரத்தப்பட்டவர்களில் ஒரு கிளை எங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்கத்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகவே நகரத்துக்குள் போனேன். மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சென்ட்ரல், பிறகு பாரிமுனை. முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெரு இருக்கிறது. ஐபீரியாவிலிருந்து தப்பி ஆம்ஸ்டர்டாமிலும் லிவோர்னோவிலும், 1656க்குப் பிறகு லண்டனிலும் குடியேறிய யூத வணிகர்கள், கோல்கொண்டா வைரத்துக்காகச் சென்னைக்கு வந்தார்கள். பணத்துக்குப் பதில் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்தார்கள். பவளம் இங்கே இறங்கியது, வைரம் அங்கே ஏறியது. அந்தப் பவளத்தின் பெயர்தான் தெருவில் நிற்கிறது. பின்னாளில் நகரத்தார் விடுதிகளும் பெட்டகங்களும் வந்த தெரு அது. இப்போது தள்ளுவண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் நடுவே ஆள் நுழைய இடமில்லை. பழைய வீடு ஒன்றின் தேக்குத் தூண் மட்டும் வாசலில் பளபளவென்று நிற்கிறது. தினமும் எத்தனையோ பேர் சாய்ந்து சாய்ந்து ஏறிய மெருகு.

அந்த வணிகர்களில் ஒருவர் ஜாக் தெ பைவா. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தார். கோல்கொண்டாச் சுரங்கம்வரை போய்த் திரும்பி, 1687இல் இங்கேயே இறந்தார். அதே ஆண்டு கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது, பூந்தமல்லிக்கும் எஜமான் மாறினார். அடுத்த ஆண்டு, 1688 செப்டம்பர் 29 அன்று, மதராஸ் மாநகராட்சி பிறந்தது. ஆங்கில மேயர் ஒருவர், அவருக்குக் கீழே நகரசபை உறுப்பினர்களாக 12 ஆல்டர்மேன்கள். ஆங்கிலேயரோடு இந்து வணிகர்களுக்கும் இடம் இருந்தது. யூதர் மூவருக்கும் அதில் இடம் கிடைத்தது. பார்த்தலோமியு ரோட்ரிகஸ், டொமிங்கோ தொ போர்த்தோ, ஆல்வரோ தா ஃபொன்சேகா. அரசுக்கு அஞ்சி முன்னோர் சூட்டிக்கொண்ட கிறிஸ்தவப் பெயர்களை வியாபாரத்துக்கு வைத்துக்கொண்டார்கள், தொழுகையில் வேறு பெயர். ரோட்ரிகஸின் யூதப் பெயர் யாக்கோபு தெ செக்கேரா. டொலேடோவில் பாட்டனுக்கு மறுத்த நகரசபை நாற்காலி, 240 ஆண்டுகள் கழித்து வங்கக் கடலோரம் பேரனுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் அநேகமாக எங்கும் கிடைக்காத மரியாதை அது.

இதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த நாற்காலியை ஆங்கிலேயர் போட்டது வைரத்துக்காக. ஆளுநர் தாமஸ் பிட்டின் காலத்திலும் ஐசக் சார்தோ அபெந்தனா போன்ற யூத வணிகர்களின் வைர அறிவு கோட்டைக்குத் தேவைப்பட்டது. பின்னர் பிரேசிலில் வைரம் கிடைத்தது, கோல்கொண்டாச் சுரங்கங்களும் வற்றின. வியாபாரம் தளர்ந்ததும் வருகையும் தளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டிலும் சாலமன் ஃபிராங்கோ போலச் சிலர் வந்தார்கள், இங்கேயே இறந்தார்கள். அதன்பின் அந்தச் சமூகம் இந்த ஊரில் நிலைக்கவில்லை. யாரும் துரத்தவில்லை என்பது சென்னையின் நல்ல பெயர். வேரூன்ற முடியவில்லை என்பதும் உண்மை. லாபத்துக்காகக் கொடுத்த இடம் லாபம் இருக்கும்வரை நிற்கும். அரசன் தயவில் கிடைத்த இடம் அரசன் மனம் மாறும்வரை நிற்கும். டொலேடோவும் மதராசும் சேர்ந்து எனக்குச் சொல்வது இதைத்தான். உரிமையாக எழுதிவைத்த சட்டமும் அன்றாடம் கொடுக்கல் வாங்கல் உள்ள அக்கம்பக்கமும் சேர்ந்தால்தான் சேர்ந்து வாழ்தல் நிலைக்கும். இன்று நமக்கு இரண்டும் இருக்கின்றன. இரண்டில் எது பழுதுபட்டாலும் மற்றது அதிக நாள் தாங்காது.

தமிழ்நாட்டு முஸ்லிம்களின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்பெயினின் மொரிஸ்கோக்கள் தாங்கள் பேசிய ஸ்பானியத்தையே அரபு எழுத்தில் எழுதிவைத்தார்கள். பிடிபடும் பயத்தில் அந்த நூல்களைச் சுவருக்குள்ளும் பொய்த்தளத்துக்கு அடியிலும் ஒளித்தார்கள். 1884இல் அரகோன் பகுதியில் அல்மொனாசித் என்ற ஊரின் பழைய வீடொன்றை இடித்தபோது அப்படி ஒரு குவியல் கிடைத்தது. நம் ஊரிலும் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் நூல்களை யாரும் சுவருக்குள் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அச்சேற்றி விற்றார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சென்னையில் அந்த யூத ஆல்டர்மேன்கள் இருந்த அதே தலைமுறையில்தான் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடத் தொடங்கினார். இந்த வேறுபாட்டுக்குள் நம் முன்னோர் செய்த நல்லது எல்லாம் இருக்கிறது.

கடைசியாக ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலைக்குப் போனேன். இன்றைய பெயர் அவ்வை சண்முகம் சாலை. யூதர்களின் பழைய இடுகாடு பெத்தநாயக்கன்பேட்டையில், மின்ட் தெருப் பக்கம் இருந்தது. நகரம் நெருக்கியதால் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். மதிலுக்குள் சிறிய இடம். கல்லில் எபிரேய எழுத்து. விரல் வைத்துத் தடவினால் செதுக்கலின் விளிம்பு இன்னும் உறைக்கிறது. யூதர்கள் கல்லறையில் பூவுக்குப் பதிலாகச் சிறு கல் வைப்பது வழக்கம் என்று தெரியும். இருந்தாலும் பூந்தமல்லியில் வாங்கிய இரண்டு முழத்தை ஒரு கல்லின் ஓரமாக வைத்தேன். அந்த ஊர்ப் பூவுக்கு எந்தச் சமயமும் தடையில்லை என்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

ஸ்பெயின் தன் தவறை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. 1492இல் வெளியேற்றிய யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர 2015இல் சட்டம் இயற்றியது. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. பாதி நியாயம்தான் நடந்திருக்கிறது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் பூந்தமல்லிக் கோயிலும் பள்ளிவாசலும், மதியம் பவளக்காரத் தெரு, மாலையில் லாயிட்ஸ் சாலை இடுகாடு. இடிந்ததையும் சொல்லுங்கள், சேர்ந்து கட்டியதையும் சொல்லுங்கள். இடுகாட்டுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். மற்றபடி பேருந்துக் கட்டணம்தான் செலவு.